அறுவை அரங்கில் "நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை: அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளில் செவிலியராகப் பல ஆண்டுகள் நின்று, பிறகு செவிலியர் கண்காணிப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அரங்கில் வேலை செய்யும் குழுக்கள் இன்று அமைக்கப்படும் விதத்தையும் நடத்தப்படும் விதத்தையும் மாற்றக்கூடிய அதிகாரம் உங்களிடம் இருப்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய கல்லூரிகள் திறக்கப்பட்டு, நம் மாநிலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கை 36 ஆயிற்று. நவீன மாடுலர் தியேட்டர்களும், அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவிகளும், சிறு துளை வழியே அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பி வசதியும் முன்பு நினைத்துப் பார்த்திராத ஊர்களுக்கெல்லாம் வந்திருக்கின்றன; அதற்காக உழைத்தவர்களை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் அந்தக் கருவிகளைச் சுற்றி நின்று வேலை செய்பவர்களை ஒரு குழுவாக ஆக்கும் பொறுப்பு யாருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை. அது தானாக நடந்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறோம். தானாக நடப்பதில்லை என்பதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

ஒரு சாதாரணக் காலை லிஸ்டை, அதாவது அன்றைய அறுவைகளின் வரிசையை, எடுத்துக்கொள்ளுங்கள். மேசையருகே அறுவைப் பிரிவின் தலைவரான யூனிட் சீஃப், எதிரே முதுநிலை மாணவர், நோயாளியின் தலைமாட்டில் மயக்க மருத்துவர், கருவி மேசையில் ஸ்கரப் நர்ஸ், பொருள் எடுத்துக் கொடுக்க இன்னொரு செவிலியர், அனஸ்தீசியா டெக்னீஷியன், பயிற்சி மருத்துவரான ஒரு ஹவுஸ் சர்ஜன், நோயாளியை வார்டிலிருந்து தள்ளிவந்த பணியாளர். இவர்களுள் செவிலியர்களுக்கு டியூட்டி போடுபவர் செவிலியர் கண்காணிப்பாளர். மயக்க மருத்துவரை அனுப்புபவர் வேறொரு துறைத் தலைவர். ஹவுஸ் சர்ஜன் எந்த வாரம் எங்கே இருப்பார் என்பதைக் கல்லூரி அலுவலகம் முடிவு செய்கிறது. பணியாளர் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்திடம் சம்பளம் வாங்குபவர். ஆக, ஒரே நோயாளியின் வயிற்றைத் திறந்து மூடும் எட்டுப் பேர் ஐந்து தனித்தனி மேலிடங்களுக்குப் பதில் சொல்கிறார்கள். ஒருவருக்கொருவர் பெயர் தெரியாமலேயே அந்த லிஸ்ட் முடிந்துவிடுகிற நாட்களும் உண்டு. இப்படிப்பட்ட எட்டுப் பேரில் கடைசி நிலையில் இருப்பவர் ஒரு தவறைக் கண்டால், அதை உரக்கச் சொல்வதற்கு அவருக்கு என்ன துணை இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அந்தத் துணையை உங்கள் பதவியின் பெயரால் நீங்கள் தர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

செவிலியருக்கு மிக நெருக்கமான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வயிற்றை மூடுவதற்கு முன், இரத்தம் ஒற்றும் மாப், காஸ் துணிகள், ஊசி, இரத்தக்குழாயைப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் அனைத்தையும் எண்ணுகிறோம். ஸ்கரப் நர்ஸும் வெளியே நிற்கும் செவிலியரும் இருவருமாகக் கண்ணால் பார்த்து, வாய்விட்டு எண்ண வேண்டும். தொடங்குவதற்கு முன் எண்ணியதைப் பலகையில் எழுதி வைத்து, வயிற்றின் உட்பகுதியை மூடுவதற்கு முன்பும் தோலை மூடுவதற்கு முன்பும் அதனோடு ஒப்பிட வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஒரு மாப் குறைகிறது என்று செவிலியர் சொல்லும் அந்தக் கணத்தில்தான் விதியின் உண்மையான சோதனை வருகிறது. அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கிறார். மயக்க மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சீஃபின் கையில் தையல் ஊசி தயாராக இருக்கிறது. "நன்றாக எண்ணிப் பாருங்கள் சிஸ்டர், உள்ளே ஒன்றும் இல்லை" என்று ஒரு குரல் எழுகிறது. அந்தக் குரலில் எரிச்சல் இருந்தால், இரண்டாவது எண்ணிக்கை சரியாக வந்துவிட வேண்டும் என்ற ஆசை செவிலியரின் மனத்திலேயே எழுந்துவிடும். ஆசையோடு எண்ணுகிறவரின் கண்ணுக்கு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு காஸ் துண்டுகள் மூன்றாகத் தெரிவது எளிது. வயிற்றுக்குள் பொருள் விடுபட்ட நிகழ்வுகள் பலவற்றில், எண்ணிக்கை சரி என்றே கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருந்தது என்பது உலகெங்கும் பதிவான உண்மை.

2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப் பொருள் விடுபடும் வாய்ப்பு அவசர அறுவைகளில் ஏறத்தாழ ஒன்பது மடங்கும், நடுவில் திட்டம் மாறிய அறுவைகளில் ஏறத்தாழ நான்கு மடங்கும் கூடுகிறது என்று காட்டியது. அவசரத்திலும் எதிர்பாராத திருப்பத்திலும் கை நடுங்குவதில்லை, பேச்சுதான் நின்றுபோகிறது. நள்ளிரவில் குடல் ஓட்டைக்காகவோ மகப்பேற்று இரத்தப்போக்குக்காகவோ ஒரு நோயாளி மேசைக்கு வரும்போது, யார் எதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை முன்கூட்டியே பேசிப் பழகாதவர்கள் அந்த நேரத்தில் பேசக் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு சிறிய நிகழ்ச்சி தினமும் நடப்பது. சீஃபின் கையுறை, நோயாளி மேல் விரித்த கிருமி நீக்கிய ட்ரேப் துணிக்கு வெளியே எங்கோ பட்டுவிடுகிறது. இளம் செவிலியர் ஒருவர் பார்த்துவிட்டு, "சார், கிளவுஸ் பட்டுவிட்டது" என்கிறார். சில சீஃப்கள் மறுபேச்சில்லாமல் கையை நீட்டி, வேறு கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு, "நல்லது சிஸ்டர், பார்த்தால் உடனே சொல்லுங்கள்" என்று மேலே தொடர்வார்கள். அப்படிச் செய்த அறுவை மருத்துவர்களிடம் பணியாற்றியதை நான் இன்றும் பெருமையாக நினைக்கிறேன். வேறு சிலர், பட்டதா இல்லையா என்று விவாதிப்பார்கள். இன்னும் சிலர் கையுறையை மாற்றிக்கொள்வார்கள், ஆனால் அன்று முழுவதும் அந்தச் செவிலியரிடம் கருவியைப் பிடுங்குவதுபோல் வாங்குவார்கள். எதிரே நிற்கும் முதுநிலை மாணவர் இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். குழுவை நடத்துவது எப்படி என்ற பாடத்தை அவர் எந்த வகுப்பிலும் படிப்பதில்லை. அந்த ஒரு நிமிடத்தில்தான் படிக்கிறார். பத்தாண்டுகளில் அவரும் ஒரு யூனிட்டின் தலைவராகப் போகிறார்.

விமானத் துறை இந்த உண்மையை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனிக்குள் புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் ஃபிளைட் இன்ஜினியர், எதிரே வரும் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டிருக்கிறார். நிறுவனத்தின் மூத்த பயிற்சி விமானியுமான கேப்டன் அதை அழுத்தமாக மறுத்தார். இன்ஜினியர் மேற்கொண்டு வலியுறுத்தவில்லை. அடுத்த ஆண்டே, 1978 டிசம்பரில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரருகே ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தார்கள். சக்கரக் கோளாறு ஒன்றிலேயே கேப்டனின் முழுக் கவனமும் நிலைத்திருந்தது. எரிபொருள் குறைவது உடனிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தும், கேப்டனின் கவனத்தைத் திருப்பும் அளவுக்கு அவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. இதன் பிறகு 1979இல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து, விமானக் குழுவினர் அனைவரும் பேசவும் கேட்கவும் பழகும் பயிற்சிமுறை உருவாயிற்று. யுனைடெட் நிறுவனம் 1981இல் அதைத் தன் விமானிகளுக்குக் கொண்டுவந்தது.

இது எங்கோ நடந்தது என்று எண்ண வேண்டாம். 2010 மே 22 அன்று மங்களூரு விமான நிலையத்தில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 158 பேர் இறந்தார்கள். 8 பேர் பிழைத்தார்கள். இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலே எழும்புமாறு துணை விமானி மூன்று முறை சொல்லியிருந்தார் என்பது விசாரணை அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. அவர் சொன்னார். சொன்னது போதவில்லை. சொன்னவுடன் கை மாற வேண்டும் என்ற பழக்கம் இருவருக்கும் பொதுவாக இல்லாதபோது, சரியான சொல்லும் வெறும் ஒலியாகிவிடுகிறது.

மருத்துவத்திலும் இதே வடிவத்தில் ஒரு சாவு 2005இல் இங்கிலாந்தில் நடந்தது. சைனஸ் அறுவைக்காக வந்த ஓர் இளம் தாய்க்கு மயக்க மருந்து கொடுத்த பின் மூச்சுக்குழாயைப் பொருத்த முடியவில்லை. அனுபவம் மிக்க மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் குழாயைச் செலுத்தவே முயன்றார்கள். ஆக்சிஜன் அளவு வீழ்ந்துகொண்டே இருந்தது. கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைப்பதற்கான கருவித் தொகுப்பை ஒரு செவிலியர் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார், பதில் வரவில்லை. இன்னொரு செவிலியர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டுவிட்டு வந்து சொன்னபோது, மிகைப்படுத்துகிறார் என்பதுபோல் பார்க்கப்பட்டதாக உணர்ந்து, அந்தப் படுக்கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நோயாளி நினைவு திரும்பாமல் சில நாட்களில் இறந்துபோனார். அவருடைய கணவர் ஒரு விமானி. தம் தொழிலில் ஒரு சாவுக்குப் பின் நடக்கும் விசாரணை மருத்துவத்தில் இயல்பாக நடப்பதில்லை என்று அறிந்து அவர் வியந்தார். குற்றம் சாட்டுவதை விட்டு, அறையில் இருந்தவர்கள் ஏன் ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்க முடியவில்லை என்ற கேள்வியை அந்நாட்டு மருத்துவ உலகின் முன் வைத்தார். என்ன செய்ய வேண்டும் என்பது அந்த அறையில் இருவருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் இருவரும் செவிலியர்கள். இதைப் படித்த நாளிலிருந்து நான் இதை மறந்ததில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்கம் கொடுப்பதற்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், நோயாளி அரங்கை விட்டுப் போவதற்கு முன் என்று மூன்று நிறுத்தங்கள். மொத்தம் 19 கேள்விகள். டெல்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் செயல்படுத்திப் பார்த்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன என்று 2009 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் இதே பட்டியலைக் கட்டாயமாக ஏற்று, ஏறத்தாழ முழுமையாகப் பின்பற்றுவதாக அறிக்கையும் கொடுத்த பிறகு, இறப்பிலோ சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் இல்லை என்று 2014இல் வெளியான ஆய்வு சொன்னது. ஒரே தாள்தான். அதை வாய்விட்டுப் பேசிய இடத்திற்கும், டிக் அடித்து இணைத்த இடத்திற்கும் உள்ள வேறுபாடாகவே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் அரங்குகளின் நிலையை நீங்கள் அறிவீர்கள். தரச் சான்றிதழுக்காகவும், மகப்பேற்று அறைகளுக்கென 2017இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டத்திற்காகவும் படிவங்கள் வந்தன; அவை கேஸ் ஷீட்டில் தவறாமல் இருக்கின்றன. அவற்றை நிரப்புபவர் பெரும்பாலும் ஒரு செவிலியரோ ஹவுஸ் சர்ஜனோ தனியாக ஓரத்தில் நின்று நிரப்புகிறார். லிஸ்ட் முடிந்த பிறகு மொத்தமாக நிரப்பப்படுவதையும் நான் பார்த்திருக்கிறேன். இதற்காக அந்தச் செவிலியரைக் குறை சொல்வதில் பொருளில்லை. சீஃப் கை கழுவிக்கொண்டு உள்ளே வரும்போது, "எல்லோரும் ஒரு நிமிடம் நில்லுங்கள்" என்று சொல்லும் தகுதி தனக்கு இருப்பதாக அவர் எண்ணவில்லை. எண்ணும்படி எவரும் அவருக்குச் சொல்லவுமில்லை.

ஆகவே அந்த நிமிடத்தைத் தொடங்கி வைக்க வேண்டியவர் அறையில் மிக உயர்ந்த நிலையில் இருப்பவர். கத்தியைக் கையில் வாங்குவதற்கு முன் சீஃப் தம் பெயரைச் சொல்லட்டும். பிறகு ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லட்டும், நோயாளியைத் தள்ளிவந்த பணியாளர் உட்பட. நோயாளி யார், எந்தப் பக்கம், என்ன அறுவை, இரத்தம் எத்தனை யூனிட் தயாராக இருக்கிறது, எந்தக் கட்டத்தில் சிக்கல் வரலாம் என்பதை அவரவர் சொல்லட்டும். இறுதியில் சீஃப், "நான் கவனிக்காத எதையாவது நீங்கள் கவனித்தால் உடனே சொல்லுங்கள், நான் நிறுத்துவேன்" என்று சொல்லட்டும். இதை நான் ஒரு சடங்காகக் கேட்கவில்லை. ஒருமுறை தம் பெயரைச் சொல்லி வாய்திறந்தவருக்கு அந்த அறையில் இரண்டாம் முறை வாய்திறப்பது எளிதாகிறது. வாயே திறக்காமல் நான்கு மணி நேரம் நின்றவருக்கு, ஆபத்து வரும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது.

பேசப் பயிற்சி வேண்டும் என்பதையும் சொல்கிறேன். நம் ஊரில் மூத்தவரிடம் நேராக "தவறு" என்று சொல்வதை நாம் மரியாதைக் குறைவாகக் கருதி வளர்ந்தவர்கள். ஆகவே "சார், ஒருமுறை பார்க்கிறீர்களா" என்று சுற்றி வளைத்துச் சொல்கிறோம். வேலை மும்முரத்தில் அது கேட்பவர் காதில் விழுவதில்லை. மரியாதை குறையாமல் படிப்படியாக உறுதி கூட்டிச் சொல்லும் வழியை அமெரிக்க அரசு 2006இல் வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் பயிற்சி கற்றுத் தருகிறது. அதை நம் பேச்சில் சொன்னால், "சார், எனக்குக் கவலையாக இருக்கிறது". கேட்கப்படாவிட்டால், "சார், இது சரியாகப் படவில்லை". அதற்கும் பதில் இல்லையென்றால், "சார், நோயாளிக்கு ஆபத்து, நிறுத்துங்கள்" என்பதாகும். மூன்றாவது வாக்கியத்தைக் கேட்டதும் மறுபேச்சின்றிக் கை நிற்க வேண்டும் என்பது அனைவருக்கும் முன்கூட்டித் தெரிந்த விதியாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இத்தகைய குழுப்பயிற்சி பெற்ற 74 இடங்களில் அறுவைக்குப் பிந்தைய ஆண்டு இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைந்தது. பயிற்சி பெறாத 34 இடங்களில் 7 சதவீதமே குறைந்தது. பயிற்சியில் மருத்துவரும் செவிலியரும் ஒன்றாக அமர்ந்திருந்தார்கள் என்பதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். நம்மிடம் செவிலியருக்குத் தனி வகுப்பு, மருத்துவருக்குத் தனி வகுப்பு. சேர்ந்து வேலை செய்ய வேண்டியவர்கள் சேர்ந்து கற்பதே இல்லை.

அடுத்ததாக, குழு நிலைத்திருக்க வேண்டும். இதய அறுவையில் நெஞ்செலும்பைப் பிளக்காமல் சிறு துளை வழியே செய்யும் ஒரு புதிய முறையை 16 அமெரிக்க மருத்துவமனைகள் கற்றுக்கொண்ட விதத்தை ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். அந்த முறையில் அறுவை மருத்துவரால் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க முடியாது. மயக்க மருத்துவர் திரையில் காண்பதையும், இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர் சொல்வதையும் நம்பித்தான் அவர் கையை நகர்த்த வேண்டும். பெரிய பெயர் பெற்ற மருத்துவமனை, மூத்த மருத்துவர் என்ற காரணங்கள் எதுவும் வேகமாகக் கற்றவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டவில்லை. குழுவை ஆள் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தொடக்க அறுவைகளில் மாற்றாமல் வைத்திருந்து, "நீங்கள் சொல்லாவிட்டால் என்னால் இதைச் செய்ய முடியாது" என்று வெளிப்படையாகச் சொன்ன மருத்துவர்களின் குழுக்களே முந்தின. விமானத்துறையிலும் இதே பாடம் உண்டு: 1978 முதல் 1990 வரையிலான பெரும் விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விவரம் கிடைத்தவற்றுள் 73 சதவீதம் அந்தக் குழுவினர் சேர்ந்து பறந்த முதல் நாளில் நடந்தவை என்று 1994இல் கண்டது.

நம் மாநிலத்திலேயே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அந்த நிறுவனம், பள்ளிப்படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு பயிற்சி தந்து, குறிப்பிட்ட வேலையில் தேர்ந்தவர்களாக ஆக்குகிறது. மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்துகொண்டிருக்கும்போது பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி அவர்களால் தயார் செய்யப்படுகிறார். பொது அறுவையும் கண் அறுவையும் ஒன்றல்ல என்பதை அறிவேன். எங்கள் லிஸ்டில் இரண்டு கேஸ்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆனால் தேர்ச்சி என்பது குழுவில் உள்ள ஒவ்வொருவரும் நிலைத்து நின்று வளர்த்துக்கொள்வது என்று கருதி ஆளைத் தயார் செய்வதை நாமும் செய்யலாம். அரசு மருத்துவமனையில் தியேட்டர் வேலையை நன்கு கற்ற செவிலியர் ஒருவர், கற்று முடித்த மாதத்திலேயே காய்ச்சல் வார்டுக்கு மாற்றப்படுகிறார். கண்காணிப்பாளராக இருந்தபோது ஆள் பற்றாக்குறையில் இத்தகைய பட்டியல்களைப் போட வேண்டியிருந்த நெருக்கடியும் எனக்குத் தெரியும். துறைத் தலைவரும் கண்காணிப்பாளரும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் அமர்ந்தால் அதில் பாதியைத் தவிர்க்க முடியும் என்பதும் தெரியும்.

அச்சத்தைப் பற்றிப் பேசாமல் குழுவைப் பற்றிப் பேச முடியாது. தொகுப்பூதியத்தில் இருக்கும் செவிலியர், பணி நிரந்தரம் எப்போது வரும் என்று காத்திருப்பவர்; ஒப்பந்தப் பணியாளர், நாளை வர வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் அனுப்பப்படக்கூடியவர். நிரந்தரப் பணியில் இருப்பவருக்கோ மெமோவும், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குற்றக் குறிப்பாணையும் பதவி உயர்வைப் பல ஆண்டுகள் தள்ளிவிடும். ஒரு தவறு நடந்தவுடன் முதலில் கேட்கப்படும் கேள்வி "யார் டியூட்டி?" என்பதாக இருக்கும் இடத்தில், நடக்கவிருந்து தப்பிய தவறுகளை எவரும் சொல்ல மாட்டார்கள். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், நன்றாகச் சேர்ந்து இயங்கும் வார்டுகளில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து ஆராய்ந்தபோது, அந்த வார்டுகளில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழைகள் மறைக்கப்படவில்லை என்பதே காரணம் என்று அவர் பின்னர் கண்டறிந்தார். வேண்டுமென்றே செய்த அலட்சியத்தையும், குடித்துவிட்டு வந்ததையும், நோயாளியைக் கைவிட்டதையும் தண்டிக்க வேண்டும். அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. தாமே முன்வந்து சொல்லப்பட்ட பிழைக்கு மெமோ கொடுக்கப்படாது என்று முதல்வர் கையொப்பமிட்ட சுற்றறிக்கை ஒன்று மட்டும் இருந்தால், பல வாய்கள் திறக்கும்.

மகப்பேற்று மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராயும் வழக்கம் நம் மாநிலத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு 97ஆக இருந்த தாய்மார் இறப்பு தமிழ்நாட்டில் 54ஆக இருந்ததற்கு, எத்தனையோ காரணங்களுடன் இந்த விடாப்பிடியான தணிக்கைக்கும் பங்குண்டு என்று நம்புகிறேன். அந்த அக்கறை பொது அறுவை அரங்குகளின் இறப்புகளை ஆராயும் கூட்டங்களுக்கும் வர வேண்டும். அக்கூட்டங்களில் சீஃபும் முதுநிலை மாணவர்களும் அமர்கிறார்கள். அன்று கருவி மேசையில் நின்ற செவிலியருக்கு அழைப்பு வருவதில்லை. இரத்தம் கேட்டனுப்பி எத்தனை நிமிடங்கள் கழித்து வந்தது, இரத்தம் உறிஞ்சும் சக்ஷன் குழாய் எப்போது அடைத்துக்கொண்டது, யார் எப்போது கூப்பிடப்பட்டார்கள் என்பதை அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் அந்த அறையில் இல்லை.

இதனால் சீஃபின் அதிகாரம் குறைந்துவிடும் என்ற தயக்கம் பல நல்ல மருத்துவர்களிடமும் இருக்கிறது, என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லுவேன். நடுவானில் இயந்திரம் வெடித்து, விமானத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் அமைப்புகள் அனைத்தும் செயலிழந்தன. அப்படி ஒரு நிலைக்கு எந்தக் கையேட்டிலும் வழி இல்லை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் உடனிருந்த அனைவரிடமும் யோசனை கேட்டார். பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானியைக் கூட அழைத்து இயந்திர விசைகளை அவர் கையில் கொடுத்தார். 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தார்கள். அவருடைய யுனைடெட் நிறுவனம் 1981இல் தொடங்கிய அந்தக் குழுப்பயிற்சியே காரணம் என்று ஹெய்ன்ஸ் பின்னர் பல மேடைகளில் சொன்னார். இறுதி முடிவு கடைசிவரை அவருடையதாகவே இருந்தது. முடிவு எடுப்பவரின் கைக்குத் தேவையான செய்தி அனைத்தும் வந்து சேர்ந்தது என்பதுதான் வேறுபாடு. நேரம் போகும் என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. மூன்று நிறுத்தங்களும் சேர்ந்து சில நிமிடங்களே ஆகும். எண்ணிக்கை தவறிய ஒரு வயிற்றை மறுபடி திறப்பதற்கு அரை நாள் ஆகும்.

நான் கேட்பவற்றை உங்கள் கல்லூரியில் ஒரு யூனிட்டிலாவது இந்த ஆண்டே தொடங்கலாம். விருப்பமுள்ள ஒரு சீஃபைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய லிஸ்ட் நாட்களில் அதே ஸ்கரப் நர்ஸ்களும் அதே டெக்னீஷியனும் அதே மயக்க மருத்துவரும் குறைந்தது ஆறு மாதம் இருக்கும்படி கண்காணிப்பாளருடனும் மயக்கவியல் துறையுடனும் பேசி எழுத்தில் ஆணையிடுங்கள். எண்ணிக்கை ஒத்துவராத நிலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் வரை தோலை மூடக்கூடாது என்பதையும், அதைச் சொல்ல வேண்டியவர் ஸ்கரப் நர்ஸ் என்பதையும், அவருடைய சொல்லை மீறி மூடினால் மூடியவர் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் தம் கையெழுத்தில் எழுத வேண்டும் என்பதையும் அந்த ஆணையிலேயே சேருங்கள். லிஸ்ட் முடிந்ததும் கையுறையைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் நின்று, இன்று எங்கே தடுமாறினோம் என்று பேசட்டும். முதலில் பேச வேண்டியவர் பணியாளர், கடைசியில் பேச வேண்டியவர் சீஃப். மாதத்திற்கு ஒருமுறை முதல்வராகிய நீங்கள் முன்னறிவிப்பின்றி அந்த அரங்குக்கு வந்து, ஓரத்தில் நின்று, பட்டியல் எப்படி வாசிக்கப்படுகிறது என்று கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த யூனிட்டின் செவிலியர்களையும் பணியாளர்களையும் சீஃப் இல்லாத நேரத்தில் அழைத்து, எதையாவது சொல்லத் தயங்கினீர்களா என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் கொண்டு அடுத்த யூனிட்டுக்கான ஆணையைத் திருத்தி எழுதுங்கள். இதற்கான பயிற்சி வகுப்புகளில் ஸ்கரப் நர்ஸின் பகுதியைச் சொல்லித்தர ஓய்வுபெற்ற எங்களில் பலர் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். எந்த மாவட்டத்திலிருந்து அழைத்தாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்குச் செவிலியர் ஒருவர்